மனநோயாளியைப் பராமரிப்பதும் அமானத்தே



2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஷிஃபா கிடைக்கும் என்று நம்பி அவர்களை அந்த ஊரில் கொண்டுபோய் விட்டவர்கள் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தார்தான். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

அல்லாஹ் எந்த நோயையும் நிவாரணமின்றி இறக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததில் (புகாரி) மனநோயும் அடங்கும். துஆ கேளுங்கள், ஓதிப் பாருங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குணமானதுபோலத் தெரிந்ததும் நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு நோய் திரும்புகிறது.

நம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அண்ணன் நைட் ஷிஃப்ட், தம்பி பகல் ஷிஃப்ட். "அவன் கொடுத்திருப்பான்" என்று இருவரும் நினைக்க, மாத்திரை அட்டையிலேயே கிடக்கும். கம்பெனியில் ஷிஃப்ட் மாறும்போது மிஷின் நிலவரத்தை எழுதிவைத்துவிட்டுத்தானே வருகிறோம்? மருத்துவமனையில் நர்ஸுகளும் அப்படித்தான் செய்கிறார்கள். வீட்டிலும் ஒரு நோட்டு வையுங்கள்: மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா, எத்தனை மணி நேரம் தூங்கினார். டாக்டர் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.

தூக்கமே இல்லாமல் இரண்டு மூன்று இரவுகள் போனால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.