குழியில் விழுந்தவரைத் தாங்கிய கரம்

வேதபகுதி: 2 கொரிந்தியர் 12:7-10, யோவான் 13:1-17, 1 கொரிந்தியர் 3:5-9



மருத்துவ ஊழியத்தை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்குகிற நம் எல்லாருடைய உள்ளத்திலும் அவ்வப்போது எழும்புகிற ஒரு கேள்வியை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்ளுகிறோம். தேவன் சகலத்தையும் ஆளுகிறவர் என்று விசுவாசிக்கிறோம். அப்படியானால், அவருக்கு உண்மையாய் உழைக்கிறவர்களையே அவர் ஏன் படுக்கையில் விழவிடுகிறார்? சுகத்திற்காக ஜெபித்தும் சிலருக்குச் சுகம் வருவதில்லையே, ஏன்? இதற்கு நமது திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு வாழ்க்கை சாட்சியாக நிற்கிறது.

நடந்தது என்ன?

ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867 டிசம்பர் 16-ஆம் தேதி அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். 1895-இல் இந்தியாவுக்கு வந்து, அடுத்த ஆண்டு திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தார். அதற்குப்பின் தாய்நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஆபத்திலிருந்த சிறுமிகளையும் குழந்தைகளையும் சேர்த்து வளர்த்த டோனாவூர் ஐக்கியம் அவரால் உருவாயிற்று. அங்கே ஒரு மருத்துவமனையும் எழும்பியது.

1931 அக்டோபர் 24-ஆம் தேதி காலையில், தேவனுக்கும் தம் பிள்ளைகளுக்கும் இன்னும் நன்றாய் ஊழியஞ்செய்யத் தம்மைத் தகுதிப்படுத்த எதை வேண்டுமானாலும் செய்யும்படி அவர் ஜெபித்தார். அன்று மாலை களக்காட்டுக்குப் போனார். மருந்தகம் தொடங்குவதற்காக எடுத்திருந்த வீட்டைப் பார்வையிடும்போது இருட்டிக்கொண்டு வந்தது. வெட்டக்கூடாத இடத்தில் வெட்டியிருந்த குழியில் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது. நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவருக்கு வயது 63. பழைய பெலன் பிறகு திரும்பவேயில்லை. 1951 ஜனவரி 18-இல் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறைக்குள்ளேயே அவருடைய நாட்கள் கழிந்தன.

1. ஆளுகை வேறு, விளக்கம் வேறு

காலையில் ஜெபித்தார், மாலையில் விழுந்தார். ஆகவே தேவனே குழியை வெட்டினார் என்று சொல்லத் துணியலாமா? கூடாது. குழியை இடம் மாற்றி வெட்டியது மனிதக் கை. வெளிச்சம் குறைந்தது பொழுதின் இயல்பு. தேவனுடைய ஆளுகை இவைகளை இல்லாமற் போகச் செய்வதில்லை. இவைகளுக்கு மேலாக அவர் கர்த்தராய் இருக்கிறார் என்பதே நமது விசுவாசம்.

யோபுவுக்குத் தேவன் தரிசனமானார். ஆனால் அவன் கேட்ட கேள்விக்குக் காரணம் சொல்லவில்லை. பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டான். முள் எடுக்கப்படவில்லை, கிருபை கொடுக்கப்பட்டது. முறிந்த எலும்பை வைத்தியர்கள் கட்டினார்கள். சகோதரர் சுகத்திற்காக ஜெபித்தார்கள். இரண்டும் சரியே. சுகம் முழுமையாய் வராதபோது அவருடைய விசுவாசத்தில் குறையென்று யாராவது சொல்லியிருந்தால், அது பொல்லாத பேச்சாய் இருந்திருக்கும்.

1933-இல் அவர் நோயாளிகளுக்காக ஒரு நூலை வெளியிட்டார். சுகமாயிருப்பவர் சுகவீனருக்கு எழுதியதல்ல அது. சுகவீனர் சுகவீனருக்கு எழுதியது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. "எல்லாம் தேவ சித்தம்" என்பது படுத்திருப்பவர் வாயில் விசுவாச அறிக்கை. கட்டிலருகே நின்றுகொண்டு நாம் அதை அவசரமாய்ச் சொன்னால் அது பாரமாகிவிடும். வார்டுக்குள் போகும்போது முதலில் உட்காருவோம், கேட்போம், பிறகு ஜெபிப்போம்.

2. தாழ்மைக்கு இரண்டு படிகள்

ஆரம்பத்தில் அம்மையார் பெண்கள் குழுவுடன் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாய்ச் சென்று சுவிசேஷம் அறிவித்துவந்தார். 1901-இல் பண்ணைவிளையில், கோவிலுக்கு ஒப்புக்கொடுக்கப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பிறகு குழந்தைகள் பெருகினார்கள். குளிப்பாட்டுவதும் பாலூட்டுவதும் இராவிழிப்பதுமாயிற்று ஊழியம். பிரசங்கத்தை விட்டு இதற்கா என்ற கேள்வி வந்தபோது, சீலையைக் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவின ஆண்டவரை அவர் நினைத்தார். இது முதற்படி: குனிந்து சேவை செய்வது.

இரண்டாம் படி இதைவிடக் கடினம். பேதுருவுக்கு மற்றவர் காலைக் கழுவுவதைவிடத் தன் காலை நீட்டுவதே கடினமாயிருந்தது. பிள்ளைகளைப் பராமரித்த அம்மையாரைப் படுக்கையில் பிள்ளைகள் பராமரித்தார்கள். கொடுத்துப் பழகிய கை, பெற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ளவேண்டியதாயிற்று.

அன்பானவர்களே, கொடுக்கிற நமக்குள் பெருமை சத்தமில்லாமல் நுழைந்துவிடும். இலவசமாய்ச் சிகிச்சை பெறுகிற ஏழைத் தாய் கூச்சத்தோடு நம்முன் நிற்கவேண்டும் என்று நாம் எதிர்பார்த்தால், நமது காணிக்கை பாழாயிற்று. அவள் நிற்கிற அதே கிருபையின் வாசலில்தான் நாமும் நிற்கிறோம்.

3. விளையச்செய்கிறவர் தேவன்

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரு போகம் நெல் விளைகிறது. விவசாயி வாய்க்காலை வெட்டுவான், வரப்பைக் கட்டுவான், நாற்றை நடுவான். ஆனால் ஆற்றுக்குத் தண்ணீர் பொதிகை மலையில் பெய்யும் மழையால் வரவேண்டும். அது அவன் கையில் இல்லை. 2023 டிசம்பரில் அதே ஆறு கரைபுரண்டு வயல்களையும் வீடுகளையும் மூழ்கடித்தது. அதற்கும் நம்மிடம் சுலபமான விளக்கம் இல்லை. ஆனாலும் தண்ணீர் வடிந்ததும் மண்வெட்டியை எடுத்தார்களே, அதில் நமக்கு ஒரு போதனை இருக்கிறது. தேவன் ஆளுகிறார் என்பது கைகட்டி உட்காருவதற்குச் சாக்கு அல்ல. பலன் தெரியாத நாளிலும் நடுவதற்குத் தைரியம்.

படுக்கையிலிருந்தே அம்மையார் பல நூல்களை எழுதினார். அவை உலகமெங்கும் பலரைத் தேற்றின. ஆனால் இதைக் கணக்குப் பார்த்து, "ஆகவே விழுந்தது நல்லதே" என்று முடித்துவிட வேண்டாம். அவர் ஒரு வரியும் எழுதாதிருந்தாலும் தேவன் தேவனே. அவரும் தேவனுக்கு அருமையானவரே. வார்டில் பேச்சற்றுப் படுத்திருக்கும் முதியவர் எதையும் எழுதப்போவதில்லை. அவருடைய உயிருக்கும் அதே விலைதான். இதை நம்புவதினாலேயே மிஷன் மருத்துவமனைகள் நிற்கின்றன.

தமது கல்லறைக்குக் கல் வைக்கவேண்டாம் என்று அம்மையார் கேட்டுக்கொண்டார். பறவைகள் நீரருந்தும் ஒரு தொட்டி வைத்து, அதில் அவரை எல்லாரும் அழைத்த "அம்மா" என்ற பெயரை மாத்திரம் பொறித்தார்கள்.

சிந்திக்க

1. பதில் கிடைக்காத எந்த ஜெபம் நம்மைத் தேவனைவிட்டு விலகச் செய்கிறது? அதை அவரிடமே சொல்லியிருக்கிறோமா?

2. பிறரிடமிருந்து உதவி பெற்றுக்கொள்வது நமக்கு ஏன் கடினமாயிருக்கிறது?

3. இம்மாதம் நாம் சந்திக்கவேண்டிய படுக்கையிலுள்ள ஒருவர் யார்?

ஜெபம்

சகலத்தையும் ஆளுகிற பிதாவே, காரணம் அறியாதபோதும் உம்மை நம்பவும், கொடுக்கும்போது குனியவும், பெறும்போது கூசாதிருக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். படுக்கையிலிருப்போரையும் அவர்களைப் பராமரிப்போரையும் உமது கரத்தில் ஒப்புவிக்கிறோம். இயேசுவின் நாமத்தில், ஆமென்.