நீலமணியும் கயனைட் கல்லும்

எம்பெருமானின் திருமேனி நிறத்தைக் கூறப் புகுந்த பெரியோர்கள் கார்மேகத்தையும், கடலையும், காயாம்பூவையும், நீலமணியையும் உவமையாகக் காட்டினர். ஆதலின் திருவாபரணத்தில் நீலம் பதித்துச் சமர்ப்பிக்க விழையும் அன்பர்கள் பலர். ஆயினும் நீலநிறமுடைய கல்லெல்லாம் நீலமணி ஆகாது.

கருட புராணத்தில் ரத்ன பரீக்ஷை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. இந்திரநீலத்தைப் போலத் தோற்றமளிக்கும் கண்ணாடி, ஸ்படிகம் முதலியவற்றைச் சுட்டி, எடையையும் கடினத்தையும் கொண்டு வேறுபாடு அறிய வேண்டும் என்று அப்புராணம் விதிக்கிறது. நிறம் ஒன்றையே நம்பலாகாது என்பது இதனால் விளங்கும்.

நீலமணியோடு மயங்கத்தக்க கற்களுள் ஒன்று கயனைட். கருநீலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை 1789ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் வெர்னர் அமைத்தார். களிமண் படிந்து இறுகிய பாறை, பூமியின் ஆழத்தில் பேரழுத்தத்தாலும் வெப்பத்தாலும், உருகாமலேயே உருமாறும்போது இக்கல் பிறக்கிறது. நீலமணியில் அலுமினியமும் பிராணவாயுவும் முக்கியமானவை. கயனைட்டில் இவற்றுடன் ஸிலிகானும் சேர்ந்துள்ளது.

புராணம் கூறிய இரு சோதனைகளும் இங்கே பொருந்துகின்றன. நீலமணி தண்ணீரைப்போல் 4 மடங்கு கனமுடையது. கயனைட் ஏறக்குறைய 3.6 மடங்கே. வைரத்தின் கடினம் 10 என்றால் நீலமணியின் கடினம் 9. கயனைட்டுக்கோ கடினம் இருவகை: நீளவாட்டில் சுமார் 5, குறுக்குவாட்டில் சுமார் 7. எஃகுக் கத்தி நீளவாட்டில் கீறும், குறுக்கே கீறாது. இதனால் இதற்கு ‘இருவலிமையுடையது’ என்னும் பொருளில் டிஸ்தீன் என்றொரு பெயரும் உண்டு. இக்கல் தகடுதகடாக எளிதில் பிளக்கும். அடிக்கடி சாற்றிக் களையும் திருவாபரணத்திற்கு இது ஏற்றதன்று.

அங்ஙனமாயின் கயனைட் பயனற்றதோ? அன்று. மணியைச் சோதிப்பதற்காகத் தீயிலிடலாகாது என்கிறது கருட புராணம். கயனைட்டின் பெருமையோ தீயிலேதான் வெளிப்படுகிறது. 1,100 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் சுட்டால் அது பருத்து, முல்லைட் என்னும் பொருளாக மாறும். முல்லைட் 1,800 டிகிரியிலும் உருகாது. களிமண் சுடும்போது சுருங்கும். கயனைட் பருத்து அச்சுருக்கத்தை ஈடுசெய்யும். எனவே உருக்காலை உலைகளின் உட்சுவருக்கான செங்கற்களிலும், பீங்கான் பொருள்களிலும், மோட்டார் வண்டிகளின் ஸ்பார்க் பிளக்குகளிலும் இது சேர்க்கப்படுகிறது. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிங்பூம் பகுதியிலுள்ள லாப்ஸா புரு இக்கல்லுக்குப் பெயர்பெற்ற இடம்.

தன் பெயரால் விற்கப்படும் கயனைட்டில் குற்றமில்லை. நீலமணி என்று சொல்லி விற்பதே குற்றம். ஆகவே சமர்ப்பிக்க விரும்புவோர் கல்லைத் தேர்ந்த பரிசோதகரிடம் காட்டி, சான்று பெற்றபின் வாங்குதல் நலம். விலையுயர்ந்த கல் கிட்டாவிடில் வருந்த வேண்டுவதில்லை. தூய மனத்துடன் அளிக்கும் ஒரு துளசி தளத்தையும் எம்பெருமான் உவந்து ஏற்றருள்வான்.