கருவிழியில் இரத்தக்குழாய் வளர்ந்தால்?



நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி எங்கள் கண் பிரிவில் சொட்டு மருந்தாகவும் ஊசி மருந்தாகவும் செலவாகிறது. சுண்ணாம்பு தெறித்த கண்ணோடு வந்த ஒரு சிறுவனைக் கண்ட சபையார் சிலர், "புண்தான் ஆறிவிட்டதே, இன்னும் எதற்கு மருந்து?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

நம் சரீரத்தில் இரத்தக்குழாய் இல்லாத இடங்கள் மிகச் சிலவே. கருவிழி அவற்றுள் ஒன்று. பிராணவாயுவை அது கண்ணீரின் வழியாகக் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்ளுகிறது. சத்துக்கள் பெரும்பாலும் கண்ணின் உள்ளே உள்ள நீரிலிருந்து வருகின்றன. குழாய்களை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் கருவிழியிலும் உண்டு. ஆனால் அதைப் பிடித்து அடக்கிவைக்கும் வேறொரு புரதமும் அங்கேயே இருப்பதை 2006-ல் கண்டுபிடித்தார்கள். சுண்ணாம்பு, ஆசிட், அக்கி வைரஸ், ஆறாத புண் ஆகியவை இந்தச் சமநிலையைக் குலைத்துவிடும். அப்போது வெள்ளைவிழியின் ஓரத்திலிருந்து குழாய்கள் வேர்போல உள்ளே ஊடுருவும். அவற்றிலிருந்து நீரும் கொழுப்பும் கசிவதால் கருவிழி மங்கிப்போகும்.

கேடு அதோடு நிற்பதில்லை. 1905-ல் ஒலோமோட்ஸ் நகரில் எடுவார்ட் சிர்ம் என்ற மருத்துவர் முதன்முதலாக வெற்றிகரமாகக் கருவிழி மாற்றினார். அந்த நோயாளியும் சுண்ணாம்பினால் பார்வை இழந்தவரே! அன்றுமுதல் இச்சிகிச்சை நன்றாகப் பலித்துவருவதற்கு முக்கிய காரணம், கருவிழியில் இரத்தம் ஓடாததே. குழாய்கள் புகுந்துவிட்டால், உடம்பின் காவல் அணுக்கள் அவ்வழியே வந்து, தானமாகக் கிடைத்த கருவிழியை அந்நியமென்று தள்ளிவிடும்.

ஆகவே குழாய்கள் வளருமுன்பே தடுக்கவேண்டும். முதல் மருந்து ஸ்டீராய்டு சொட்டு. அழற்சியை அடக்கி வளர்ச்சியைத் தடுக்கும், விலையும் குறைவு. ஆனால் கண்ணின் அழுத்தத்தை உயர்த்தும், கண்புரை உண்டாக்கும். காளான் கிருமிப் புண்ணில் விட்டால் கண்ணையே கெடுத்துவிடும். மருத்துவரைக் கேளாமல் மருந்துக்கடையில் வாங்கி விடுகிறவர்களைப் பார்த்து நாங்கள் கோபப்படுவது இதனால்தான்.

இரண்டாவது, பெவாசிசுமாப். குடல் புற்றுநோய்க்காக 2004-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்து இது. வி.இ.ஜி.எஃப்.-ஐ நேரடியாகக் கட்டிப்போடுகிறது. கருவிழிக்கென்று அனுமதி பெறாவிட்டாலும், கண் மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில் சொட்டாகவோ, வெள்ளைவிழியின் மேல்சவ்வுக்கு அடியில் ஊசியாகவோ கொடுக்கிறார்கள். கண்ணுக்குத் தேவை மிகச் சிறிய அளவே. ஒரு குப்பியைக் கிருமி அண்டாதபடி பலருக்குப் பகிர்ந்தால் செலவு வெகுவாகக் குறையும். அந்தச் சுத்தத்தில் சிறிது தவறினாலும் பல கண்கள் ஒரே நாளில் ஆபத்துக்குள்ளாகும்.

இவ்விரண்டு மருந்தும் இளங்குழாய்களிடத்திலேயே நன்றாகப் பலிக்கும். நாட்பட்ட குழாய்களைச் சுற்றி உறுதியான அணுக்கள் போர்த்துக்கொள்ளும். பிறகு அவற்றுக்கு அந்தப் புரதத்தின் தயவு தேவையில்லை. மெல்லிய ஊசியினால் சுட்டு அடைப்பது முதலிய வழிகளைத் தேடவேண்டியதுதான்.

அந்தச் சிறுவன் சுண்ணாம்பு பாக்கெட்டை அழுத்தி விளையாடியபோது அது வெடித்துத் தெறித்தது. பக்கத்து வீட்டு அம்மா தாமதியாமல் குழாயடியில் பிடித்து, அரை மணி நேரம் கண்ணைக் கழுவினார்கள். எங்களிடம் வந்தபோது ஒரே ஓரத்தில்தான் குழாய்கள் தலைகாட்டியிருந்தன. சொட்டு மருந்தைக் குறைத்துக்கொண்டு வருகிறோம். கண் அழுத்தத்தை ஒவ்வொரு வருகையிலும் பார்க்கிறோம். வருகிற வாரம் மறுபடியும் வரச்சொல்லியிருக்கிறோம்.