ஆறு மாதக் குழந்தைக்கு உருளைக்கிழங்கும் பாற்கட்டியும்

குழந்தைக்கு 6 மாதம் நிரம்பும்வரை தாய்ப்பால் ஒன்றே போதுமானது. அதன் பின்னர் தாய்ப்பாலுடன் வேறு உணவும் அவசியமாகும். பல வீடுகளில் அப்பருவத்திலும் நீர்த்த கஞ்சியே புகட்டப்படுகிறது; வயிறு நிரம்புகிறதேயன்றி எடை ஏறுவதில்லை.

உருளைக்கிழங்கை நன்கு வேகவைத்துத் தோலுரித்து, கட்டியின்றி மசித்தல் வேண்டும். பச்சை நிறமேறியதும் முளைவிட்டதும் ஆகா. அவற்றிலுள்ள நச்சு வேகவைப்பதால் நீங்குவதில்லை. கிழங்கில் மாவுச்சத்து மிகுதி, புரதம் குறைவு. அக்குறையை நீக்கவே பாற்கட்டி. கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்துத் துணியில் வடித்தால் கிடைப்பது அதுவே. பன்னீர் என்பதும் இதனையே. கடைப் பாலாடைக்கட்டியில் உப்பு அதிகம், அது வேண்டாம்.

முதல் சில நாட்கள் கிழங்கு மட்டும் 2, 3 கரண்டி, பின்னரே பாற்கட்டி. தடிப்போ வாந்தியோ காணின் நிறுத்தி மருத்துவரிடம் காட்டுக. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதமே சரி. மிஞ்சியதை மாலைவரை வைத்துப் புகட்டினால் பேதி காணும்.

அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளன்று இதனைச் செய்து காட்டப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம்.