கோக்கர்ஸ் வாக்கில் கொஞ்சம் நில்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கொடைக்கானல் போய்வந்த கதையைச் சுவையாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் பாதிக்கு மேல் டாக்சிக்காரர் காட்டிய இடங்களின் பட்டியல். முடிவில் ஒரு கேள்வி வேறு: "இயற்கை தந்த ஓர் ஏரி, ஒரு பூங்கா, ஒரு நடைபாதை. இவற்றை விட்டால் அந்த ஊரில் பொழுதுபோக்க என்ன இருக்கிறது ஐயா?" கேள்விகூடப் பரவாயில்லை. அந்த 'இயற்கை தந்த' என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அந்த ஏரியை இயற்கை தரவில்லை. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைகளை மறித்துக் கரை போட்டார். சேறும் கோரையுமாகக் கிடந்த பள்ளம் ஏரியானது. அதில் மிதந்த முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்தது. காட் ரோடு இல்லாத காலத்தில் ஒரு படகை அவ்வளவு உயரத்துக்கு எப்படிக் கொண்டுவந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார். ஏரி நட்சத்திர வடிவில் இருப்பதாக எழுதி வியந்திருக்கிறாய். குன்றுகளுக்கு நடுவே கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினால், அது ஒவ்வோர் ஓடைப் பள்ளத்துக்குள்ளும் விரல்விட்டு ஏறும். நீ வியந்த முனைகளெல்லாம் அப்படி முழுகிப்போன பள்ளங்கள்தான். போகும் வழியில் வெள்ளி அருவியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டாய் அல்லவா? அதுவும் இந்த ஏரி நிரம்பி வழிந்து வரும் தண்ணீர்தான்.

பைன் காட்டைப் பார்த்து "ஆதி வனம்" என்று எழுதியிருக்கிறாய். 1906இல் மரத்தேவைக்காக நடத் தொடங்கிய காடு அது. நட்டவர் வன அதிகாரி பிரையண்ட். 1908இல் ஏரிக்குக் கிழக்கே சுமார் 20 ஏக்கரில் உருவான பூங்கா இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அங்கே நடக்கும் மே மாத மலர்க்காட்சி உனக்குத் தெரிந்ததுதான். உன் பட்டியலில் உள்ள குணா குகையைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. 1991இல் ஒரு படம் பெயர் கொடுத்தது, 2024இல் இன்னொரு படம் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டியது. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பாட்டுப் பாடிவிட்டுத் திரும்புகிறார்கள். பாடட்டும்.

நான் சொல்ல வருவது இது. ஏரி, பூங்கா, நடைபாதை மூன்றையும் ஓய்வுக்கென்றே திட்டமிட்டுச் செய்தார்கள். யாருடைய ஓய்வுக்கு என்று கேட்டால் பதில் அவ்வளவு இனிமையாக இராது. சமவெளி வெயில் தாங்காமல் மேலே ஏறிய வெள்ளைக்காரர்களுக்காக. படகுக் கழகம் 1890இல் தொடங்கியது. பொதுமக்களுக்குக் கதவு திறந்தது 1932இல். கரை போட்டு ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்து! அப்படிக் கைக்கு வந்ததை நாம் காரில் உட்கார்ந்து ஒரே நாளில் பார்த்து முடித்துவிடுகிறோம். ஏரியைச் சுற்றிவர ஐந்து கிலோமீட்டர். நடக்கலாம், வாடகை சைக்கிள் எடுக்கலாம். நீயோ குதிரைமேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாய்.

கோக்கர்ஸ் வாக்குக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறாய்: "மேகம் மறைத்ததால் ஒன்றும் தெரியவில்லை." தம்பி, மேகம் வந்த பிறகுதான் அங்கே நிற்கவே வேண்டும்!

1872இல் லெப்டினன்ட் கோக்கர் என்பவர் மலைவிளிம்பை ஒட்டிப் போட்ட பாதை அது. நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். கீழே பள்ளத்தாக்கு. சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருந்து, எதிரே பள்ளத்தில் மேகம் திரண்டு நின்றால், உன் நிழல் அந்த மேகத்தில் பூதம்போல விழும். தலையைச் சுற்றி நிறநிறமாக வளையங்கள் தெரியும். நிழலுக்குப் பிராக்கன் பூதம் என்று பெயர், ஜெர்மனியின் பிராக்கன் மலையை வைத்து. வளையத்தை ஒளிவட்டம் என்று வைத்துக்கொள்வோம். இதை வானவில்லோடு குழப்பிக்கொள்ளாதே. வானவில் சூரியனுக்கு நேர் எதிர்ப் புள்ளியிலிருந்து சுமார் 42 பாகை விலகி வளையும், அதற்கு மழைத்துளி அளவு வேண்டும். ஒளிவட்டமோ அந்த எதிர்ப் புள்ளியை ஒட்டியே, சில பாகைக்குள் அடங்கிவிடும். மேகத்தின் நுண்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் உண்டாவது. துளி சிறுக்கச் சிறுக்க வட்டம் பெருக்கும்.

இன்னொரு வேடிக்கை. பத்துப் பேர் வரிசையாக நின்றாலும் ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றி மட்டுமே வட்டம் தெரியும். பக்கத்தில் நிற்பவரின் நிழல் தெரியலாம், அவருக்கு வட்டம் இராது. பூமியின் வடிவத்தை அளக்கத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குப் போன பிரெஞ்சு அறிஞர் பூகே, 18ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டு எழுதிவைத்தார். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சி வானிலை நிலையத்தில் 1894இல் சில வாரம் வேலை பார்த்த சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர் இந்த வட்டங்களில் மயங்கி, இவற்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்க ஆசைப்பட்டுக் கண்ணாடிக் கலத்துக்குள் மேகம் செய்ய முயன்றார். அந்த முயற்சி மேகக் கலமாக வளர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓடிய தடத்தை முதன்முதலாகக் காட்டியது அதுதான். 1927இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வில்சனைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் எனக்குச் சாப்பாடு மறந்துவிடும். அவரும் மேகம் மறைக்கிறது என்று சலித்துக்கொண்டு இறங்கிப் போயிருந்தால்? சரி, பிரசங்கம் போதும்.

அடுத்த முறை கொடைக்கானல் போக இ-பாஸ் எடுக்கும்போது இரண்டு இரவு தங்குகிற மாதிரி எடு. டாக்சிக்காரரின் பட்டியலை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள், பிரிக்காதே. வெயில் சாயும் நேரம் பார்த்துக் கோக்கர்ஸ் வாக்கில் சீட்டு வாங்கி, கைப்பிடிக் கம்பி ஓரமாக, சூரியனுக்கு முதுகைக் காட்டி நில். பல நாள் வெறும் நரைமேகந்தான் கிடைக்கும், எனக்கும் அப்படித்தான். வட்டம் தெரிந்தால் உடனே போனை எடுக்காதே, முதலில் நிறங்களின் வரிசையைப் பார். சிவப்பு வெளிப்பக்கம் இருந்ததா, உள்பக்கமா என்று எனக்கு எழுது. புத்தகத்தைப் பார்த்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்