இளவயதுக் கருவுறுதல்: வீட்டின் பங்கும் ஊரின் பங்கும்

ஊரூர் ஒல்காட் குப்பத்திற்கு அருகிலுள்ள அடையாற்றில் 1917-ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கம் தோன்றியது. பெண்ணின் திருமண வயதை உயர்த்த வேண்டுமென்று அச்சங்கம் போராடியது; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் அதற்காகக் குரல் கொடுத்தார். 1929-ஆம் ஆண்டின் சாரதா சட்டம் 14 வயதை எல்லையாக வகுத்தது. 1978-இல் அது 18 ஆயிற்று. ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களுள் 6.3 விழுக்காட்டினர் தாயாகியோ கருவுற்றோ இருந்தனர்.

இதற்குப் பெண்ணின் ஒழுக்கத்தைக் குறை கூறுவோர் பலர். காரணமோ பெரும்பாலும் வீட்டில் தொடங்குகிறது. மீன் விற்கும் தாய் விடியுமுன்னரே புறப்படுகிறாள். தம்பி தங்கையரைப் பார்க்க மூத்த மகள் பள்ளிக்குச் செல்லாமல் நிற்கிறாள். படிப்பு நின்றதும் திருமணப் பேச்சு எழுகிறது. எவனோடோ பேசினாள் என்று ஒரு சொல் பரவினால் போதும், பெயர் கெடுமுன் மணம் முடிக்க விரைகின்றனர். மூன்று மாதம் கழியுமுன் உறவினர், “விசேஷம் உண்டா?” என்று கேட்கத் தொடங்கிவிடுவர். அக்கேள்விக்கு விடை சொல்லவே கருவுறும் சிறுமியர் உளர்.

மஞ்சள் நீராட்டு விழாவிற்கு ஊரையே அழைக்கிறோம். அதன்பின் அவளது உடலைப் பற்றி அவளிடம் பேசுவோர் எவருமில்லை. மணமாகாமல் கருவுற்ற பெண் அதைத் தாயிடமும் மறைப்பதற்கு இந்த மௌனமே காரணம்.

மறைக்கும் ஒவ்வொரு வாரமும் ஆபத்தே. இவ்வயதில் இரத்தசோகை, இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு, குறைப்பிரசவம், குழந்தையின் எடைக்குறைவு ஆகியவற்றிற்கு வாய்ப்பு மிகுதி. கருக்கலைப்புக்கும் சட்டத்தில் கால வரம்பு உண்டு: 18 வயதுக்குட்பட்டோர்க்குப் பாதுகாவலரின் ஒப்புதலுடன் 24 வாரம் வரை; 20 வாரத்தைக் கடந்தால் மருத்துவர் இருவரின் கருத்து வேண்டும்.

காவல்துறைக்குச் செய்தி போகுமே என்று அஞ்சியே பல குடும்பங்கள் தாமதிக்கின்றன. போக்சோ சட்டப்படி மருத்துவர் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது உண்மை, மணமாகியிருந்தாலும் அப்படியே. எனினும் கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அவளது பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் கூறியுள்ளது. மருத்துவரிடம் வரும்போது கடைசி மாதவிடாய்த் தேதியைக் கூறுங்கள். நாட்டு மருந்தோ கடை மாத்திரையோ கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிறுமிக்குக் கட்டாயத் திருமணம் நடக்கவிருப்பதாக அறிந்தால் 1098 என்னும் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.