இலவச பைல் மேனேஜர் கடைக் கணக்குக்கு ஏற்றதுதானா?



சென்ற மாதம் புக்கிட் தெங்காவிலுள்ள நம் அன்பர் ஒருவரின் மசாலாச் சாமான் கடைக்குப் போயிருந்தோம். கடைக்குள் சரக்கு வைத்திருந்த ஒழுங்கைச் சொல்ல வேண்டும். கொத்தமல்லி ஒரு பக்கம், சீரகம் ஒரு பக்கம், மிளகு ஒரு பக்கம். விளக்கு அணைந்தாலும் கை தவறாமல் எடுக்கலாம். ஆனால் அதே முதலாளி, 2021ஆம் வருஷத்துப் பாங்கிக் கணக்கைக் கணினியிலிருந்து எடுத்துத் தரும்படி கேட்டபோது, கணக்கெழுதும் தம்பி அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை.

"நான் காப்பி எடுத்து வைத்தேனே நானா" என்றார் தம்பி.

"காப்பி இருக்கட்டும். மூலம் எங்கே?" என்றார் முதலாளி.

நடந்தது இதுதான். அந்த வருஷத்துக் கோப்புகளைத் தம்பி மவுஸால் பிடித்து இழுத்து வேறோர் உறைக்குள் போட்டிருக்கிறார். விண்டோஸ் கணினியில் ஒரே டிஸ்க்குக்குள் இப்படி இழுத்துப் போட்டால் கோப்பு இடம் மாறும். பென்டிரைவ் போன்ற வேறு டிஸ்க்குக்கு இழுத்தால்தான் பிரதி உண்டாகும். கையசைவு ஒன்று, பலன் இரண்டு! பிரதிதானே என்றெண்ணி, இடம் போதாத ஒரு நாளில் அந்த உறையை அழித்துவிட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இது சிறு விஷயமன்று. 1967ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி வியாபாரக் கணக்குகளை ஏழு வருஷம் காத்து வைக்க வேண்டும். 2021ஆம் வருஷத்துக் கணக்கு 2028 முடியும்வரை நம் கையில் இருக்க வேண்டியது. 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய வியாபாரங்களில் தொடங்கிப் படிப்படியாக இ-இன்வாய்ஸ் முறையும் வந்துவிட்டது. பேரேடும் சிட்டையும் அலமாரியில் இருந்த காலத்தில் கறையானுக்குப் பயந்தோம்; இப்போது நம் விரலுக்கே பயப்பட வேண்டியிருக்கிறது.

ஆகவே, காசு கொடுக்காமல் கிடைக்கும் பைல் மேனேஜர் ஒன்றை அந்தக் கடையிலேயே வைத்துப் பரீட்சித்துப் பார்த்தோம். டபுள் கமாண்டர் என்பது அதன் பெயர். திரையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ஓர் உறையையும் வலப்பக்கம் ஓர் உறையையும் அது காட்டுகிறது. இந்த ஏற்பாடு புதிதல்ல. 1986இல் ஜான் சோச்சா எழுதிய நார்ட்டன் கமாண்டர் இப்படித்தான் இருந்தது. பழைய டாஸ் கணினியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நீலத் திரை ஞாபகம் வரும்.

இதில் நமக்குப் பிடித்தது ஒன்றே. பிரதி எடுக்க எப்5, இடம் மாற்ற எப்6 என்று விசை வேறு வேறு. விசையை அழுத்தியதும் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் காட்டிக் கேட்கிறது. அதே பெயரில் அங்கே கோப்பு இருந்தால், அதன்மேல் எழுதலாமா என்று மறுபடி கேட்கிறது. சரக்கு லாரியில் ஏறும்போது கிட்டங்கிச் சிட்டையையும் கடைச் சிட்டையையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பது போலத்தான். முன்னே சொன்ன தம்பிக்கு இதைப் பழக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இலவசம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இலவசத்தில் பல ஜாதி உண்டு. சில புரோகிராம்கள் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். கடையில் வைத்தால் கட்டணம் கேட்கும். டோட்டல் கமாண்டர் என்பது பேர்பெற்ற சாமான்தான், ஆனால் பரீட்சைக் காலம் முடிந்தால் பணம் கட்ட வேண்டும். டபுள் கமாண்டரோ குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியாவது. கடையிலும் வைக்கலாம், பக்கத்துக் கடைக்காரருக்கும் பிரதி கொடுக்கலாம், எழுதிய மூலத்தையும் யாரும் பார்க்கலாம். ஆனால் அந்த உரிமத்திலேயே உத்தரவாதம் எதுவும் இல்லையென்றும் எழுதியிருக்கிறது. கோப்பு போனால் கேட்க ஆளில்லை. செய்தவர்களின் சொந்த இடத்திலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்ள வேண்டும். கண்ட இடத்தில் எடுத்தால் வேண்டாத விருந்தாளிகளும் கூடவே வந்துவிடுவார்கள்.

தமிழ்ப் பெயர்களை எப்படிக் கையாளுகிறது என்று பார்த்தோம். எழுத்துக்கள் ஒழுங்காகவே தெரிந்தன. ஆனால் ஒரு வேடிக்கை. 'கொத்தமல்லி' என்ற பெயரில் ஒரே உறைக்குள் இரண்டு கோப்புகள்! ஒரு பெயர் ஓரிடத்தில் ஒரு முறைதானே இருக்க முடியும்? விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. யூனிகோடில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். நம் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. இது டபுள் கமாண்டரின் குற்றமன்று. எந்த பைல் மேனேஜரை வைத்தாலும் எதிர்ப்படக்கூடியதே. கடையில் எல்லாரும் ஒரே தமிழ் விசைப்பலகை முறையில் தட்டுவதே இதற்கு மருந்து.

பெயர் வைக்கும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். நம்மில் பலர் பில்லில் எழுதுவது போல 12/5/2025 என்று பெயரிடப் பார்க்கிறார்கள். சாய்கோட்டை விண்டோஸ் ஏற்காது. கோட்டை நீக்கி 12-5-2025 என்று போட்டாலோ, எல்லா மாதத்துப் பன்னிரண்டாம் தேதிகளும் ஒன்றாய்க் குவிந்துகொள்ளும். வருஷத்தை முன்னே வைத்து 2025-05-12 என்று எழுதினால் கோப்புகள் தாமாகவே வரிசையில் நிற்கும். பழைய பெயர்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதில்லை. பல கோப்புகளுக்கு ஒரே சமயத்தில் பெயர் மாற்றும் வசதி டபுள் கமாண்டரில் இருக்கிறது. மாற்றுவதற்குமுன் பழைய பெயரையும் புதிய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டவும் செய்கிறது. சில நூறு பில்களை நாம் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடித்தோம்.

சுருக்கிக் கட்டிய ஜிப் கோப்பைச் சாதாரண உறை போலத் திறந்து பார்க்கலாம். கோப்புக்குள் எழுதியிருக்கும் வார்த்தையையும் தேடலாம். ஆனால் படமாக ஸ்கேன் செய்த பில்லுக்குள் அது தேடாது.

எச்சரிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. இரு பக்க உறைகளையும் ஒப்பிட்டு ஒன்றுபோல் ஆக்கும் கருவி ஒன்று இதில் இருக்கிறது. பென்டிரைவுக்குப் பிரதி எடுக்க அருமையானது. ஆனால் ஒருதலைப்பட்சமாக ஒன்றாக்கும்படி அடையாளமிட்டால், இடப்பக்கம் இல்லாததை வலப்பக்கத்திலும் அழித்துவிடும். மூலம் தவறிப் போயிருந்தால் காத்து வைத்த பிரதியும் கூடவே போகும். அன்பரின் கடையில் இக்கருவியை முதலாளி மட்டுமே தொடுவது என்று பேசி வைத்தோம். அழிக்கும் விசையான எப்8 கோப்பைக் குப்பைத் தொட்டிக்குத்தான் அனுப்பும், அங்கிருந்து மீட்கலாம். ஷிப்டையும் சேர்த்து அழுத்தினால் மீளாது. இந்த வித்தியாசத்தைக் கணினிக்குப் பக்கத்துச் சுவரிலேயே எழுதி ஒட்டச் சொன்னோம்.

நம் அபிப்பிராயம் என்னவென்றால், வாங்கி வைக்கலாம். ஒரு மாதம் பிரதிக் கோப்புகளில் மட்டும் பழகிவிட்டு, பிறகு அசல் கணக்கைத் தொட வேண்டும். எந்த புரோகிராம் வந்தாலும், கடைக்கு வெளியே வேறோரிடத்தில் ஒரு பிரதி இருந்தே ஆக வேண்டும். கணினியும் பென்டிரைவும் ஒரே மேஜையில் இருந்தால் திருடனுக்கும் தீக்கும் இரண்டும் ஒன்றுதான்.

அன்பரின் கணினியில் இப்போது ஏழு வருஷத்துக்கு ஏழு உறைகள் இருக்கின்றன. 2021ஆம் வருஷத்து உறையில் பாதிதான் நிறைந்திருக்கிறது. மீதிக்காக முதலாளி பாங்கிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். சரக்குக் கொடுத்தவர்களிடம் பழைய பில்களின் நகலைத் தம்பி ஒவ்வொன்றாக வாங்கி வருகிறார்.